செத்த குதிரைக்கும் விலை

குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் முழுக் குதிரையின் விலையும் கைக்கு வந்த காலம் ஒன்று விஜயநகரத்தில் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணையைப் பிடித்த சாளுவ நரசிம்மன், ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளைத் தன் நாட்டுக்கு வரவழைத்தான். மூன்று குதிரைக்கு 1,000 பர்தாவ் என்ற பொன் நாணயம் என்பது பேச்சு. உயிரோடு வந்தாலும் அதே விலை, செத்தாலும் அதே விலை. கடலில் செத்த குதிரைக்குச் சாட்சியாக வணிகர்கள் வாலை மட்டும் கொண்டுவந்தார்கள். அரசன் அதை உயிருள்ள குதிரையாகவே கணக்கில் சேர்த்துப் பணம் கொடுத்தான். இதை எழுதி வைத்தவர் பெர்னாவ் நூனிஸ், 1530களில் விஜயநகரத்தில் தங்கியிருந்த போர்ச்சுகீசியர். அவரே குதிரை வியாபாரி. தொழில் தெரிந்தவர் சொன்ன கணக்கு இது.

இன்றைய சுங்கத் தீர்வை அட்டவணையும் குதிரையில்தான் தொடங்குகிறது. உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் சரக்கு வகைப்பாட்டில் 1ஆம் அத்தியாயம் உயிருள்ள விலங்குகளுக்கு உரியது. அதன் முதல் தலைப்பு 0101: உயிருள்ள குதிரை, கழுதை, கோவேறு கழுதை. அரிசிக்கும் இரும்புக்கும் கணினிக்கும் முன்னால், வரிசையின் தலையில் குதிரை நிற்கிறது. அந்தத் தலைப்பின் முதல் சொல் 'உயிருள்ள' என்பது. வழியில் செத்தால் அது எந்தச் சரக்கு, நட்டம் யார் தலையில் விழும் என்ற கேள்விகளைக் கிளப்புவது அந்த ஒரு சொல்தான். தென்னாட்டுக் கடற்கரை இந்தக் கேள்விகளுக்குப் பல நூறு ஆண்டுகள் பொன்னால் பதில் சொல்லியிருக்கிறது.

கடல் வழியாகக் குதிரை வந்த செய்தி நமக்குச் சங்கப் பாட்டிலேயே கிடைக்கிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த செல்வத்தை வரிசைப்படுத்துகிறார். மிளகு மூட்டை, மேற்கு மலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னால் அவர் சொல்வது நீர் வழியே வந்த புரவிகளை. அதே பாட்டில் சுங்கக்காரர்களும் வருகிறார்கள். அப்போது சுங்கத்துக்குப் பெயர் உல்கு. பண்டங்களின் மேல் சோழனின் புலி முத்திரையைக் குத்தி வெளியே அனுப்பும் அந்த ஊழியர்கள், நாள்தோறும் ஓய்வில்லாமல் உல்கு வாங்குகிறார்கள். அவர்களுக்குப் புலவர் சொல்லும் உவமை சூரியனின் தேரில் பூட்டிய குதிரைகள். கடல் கடந்து வந்த குதிரையையும் குதிரைபோல் உழைத்த சுங்கக்காரரையும் ஒரே பாட்டில் வைத்த புலவர் அவர்.

தமிழ் மண்ணில் குதிரைக்குப் பெயர் ஏராளம். பரி, புரவி, மா, இவுளி, கந்துகம் என்று நிகண்டுகள் நீட்டிக்கொண்டே போகும். சேரன் குதிரை பாடலம், சோழன் குதிரை கோரம், பாண்டியன் குதிரை கனவட்டம் என்று ஆளுக்கொரு பெயரும் உண்டு. பெயர் பெருகிய அளவுக்குக் குதிரை இங்கே பெருகவில்லை. நல்ல மேய்ச்சல் நிலம் குறைவு. ஈரமும் வெக்கையும் கலந்த கடற்கரைக் காற்று பாலைவனத்துக் குதிரைக்கு ஒத்துவராது. நாட்டு மட்டம் சுமை தூக்கும், வண்டி இழுக்கும். கவசம் அணிந்த வீரனைச் சுமந்து போர்க்களத்தில் பாய அதனால் முடியாது. ஆகவே படை வேண்டும் என்றால் குதிரை வாங்க வேண்டும், குதிரை வேண்டும் என்றால் கடலைப் பார்க்க வேண்டும் என்பதே மூவேந்தர் முதல் நாயக்கர் வரைக்கும் நிலைமை.

இந்த வியாபாரம் உச்சத்தைத் தொட்ட இடம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த காயல். இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊரே மார்க்கோ போலோ சொன்ன 'கயில்' என்று அடையாளம் கண்டவர் கால்டுவெல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டபோது அந்த வெனிஸ் பயணி இந்தக் கரைக்கு வந்தார். ஓர்முஸ், கிஷ், ஏடன், அரபு நாடு என மேற்கிலிருந்து குதிரையோடும் பிற சரக்கோடும் வரும் கப்பல்கள் எல்லாம் காயலைத் தொட்டதாக எழுதுகிறார். ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் ஓர் அரசன் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவுக்கு வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் 100 குதிரைகூட மிஞ்சுவதில்லை என்பது அவர் தரும் செய்தி.

அந்தக் குதிரைகள் வந்த கப்பலையும் அவர் ஓர்முஸில் பார்த்திருக்கிறார். இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் துளையிட்டுத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். மேல்தளமும் கிடையாது. சரக்கை ஏற்றியபின் அதன்மேல் தோலை விரித்து மூடுவார்கள். அந்தத் தோலின் மேல்தான் இந்தியாவுக்குப் போகும் குதிரைகளை நிறுத்துவார்கள். அலை அடிக்கும்போது காலடியில் வழுக்கும் தோல், தலைக்கு மேல் வெயில், இருபுறமும் உப்பு நீர். அப்படிப் பல நாள் நின்று வந்த விலங்குதான் காயல் கரையில் இறங்கியது. வழியில் எத்தனை விழுந்திருக்கும் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணியது விலையை மட்டும்தான்.

அந்த விலையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் துல்லியமாகவே பதிந்திருக்கிறார். கிஷ் தீவின் அதிபராக இருந்த மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீனோடு நடந்த உடன்பாட்டின்படி, ஆண்டுதோறும் அவருடைய சொந்தக் குதிரைகளில் 1,400 மஅபருக்கு, அதாவது நம் சோழமண்டல, பாண்டியக் கரைக்கு, வர வேண்டும். கத்தீப், லஹ்ஸா, பஹ்ரைன், ஓர்முஸ், கல்ஹாத் ஆகிய இடங்களிலிருந்து முடிந்த அளவு கூடுதலாகவும் அனுப்பலாம். தலைக்கு 220 செம்பொன் தினார் என்பது நெடுங்காலமாக நிலைத்த விலை. அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: பயணத்தில் குதிரைக்குக் காயம் பட்டாலும், அது செத்தே போனாலும், அதன் விலையை அரசக் கருவூலம் கொடுத்துவிட வேண்டும்.

இப்படி ஒரு நிபந்தனைக்கு அரசன் ஏன் இணங்கினான்? பதில் எளிது. அவனுக்கு வேறு வழி இல்லை. எதிரி நாட்டுக்கும் அதே கப்பல்தான் போகும். கடல் நட்டத்தை வணிகன் தலையில் கட்டினால் அவன் அடுத்த துறைமுகத்துக்குத் திரும்பிவிடுவான். அன்று காப்பீட்டு நிறுவனம் இல்லாத கடலில், பாண்டியக் கருவூலமே காப்பீட்டாளராக நின்றது. வஸ்ஸாப் இன்னொரு பழைய கணக்கையும் சொல்கிறார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஅபர், காம்பே முதலிய துறைமுகங்களுக்குப் போனதாகவும், அவற்றின் மொத்த விலை 22 லட்சம் தினார் என்றும், அது கோயில் சொத்துகளின் உபரி வருவாயிலிருந்தும் தேவரடியார் மேல் விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாகவும் எழுதுகிறார். கோயிலில் குவிந்த பொன் பாரசீக வளைகுடாவுக்குப் போன பாதை அது.

ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராகவே அமர்ந்திருந்தார். காயல் உட்பட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சரக்கு வந்து இறங்கினால் முதலில் ஜமாலுத்தீனின் முகவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பின்தான் மற்றவர்கள் வாங்கலாம். குதிரையை விற்பவரின் குடும்பமே வாங்குபவரின் துறைமுகத்தையும் நிர்வகித்தது. தமிழகக் குதிரை வாணிகத்தில் அரசன் இவ்வளவு இழந்ததற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இழப்பின் மறுபாதி லாயத்தில் நடந்தது. வந்த குதிரையை முளையடித்துக் கயிற்றால் கட்டி 40 நாள் கொழுக்க வைப்பார்கள், வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுப்பார்கள், பிறகு முறையான பழக்கம் எதுவும் கொடுக்காமல் ஏறி விரட்டுவார்கள் என்று வஸ்ஸாப் வருத்தப்படுகிறார். மார்க்கோ போலோவோ வேகவைத்த இறைச்சியும் சோறும் தின்னக் கொடுத்ததாகச் சொல்கிறார். லாடம் அடிக்கவும் குதிரை வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை; அப்படிப்பட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிடாமல் வணிகர்களே தடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் கப்பல் நிரம்பும். இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள், கேட்டதையும் கலந்து எழுதியவர்கள். ஆனாலும் வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த இருவரும் தனித்தனியே ஒரே குறையைச் சுட்டும்போது அதைத் தள்ளிவிட முடியாது. கொள்ளும் புல்லும் தின்று வளரும் விலங்கை எப்படி வைத்துக் காப்பது என்ற அறிவு, குதிரையோடு கப்பலிலிருந்து இறங்கவில்லை.

இந்த வாணிகத்தில் ஈடுபட்டவர்கள் அரபியர் மட்டுமல்லர். மலைமண்டலத்திலிருந்து வந்த குதிரைச் செட்டிகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாக நிற்கிறார்கள். மேற்குக் கரையில் இறங்கிய குதிரைகளை மலை தாண்டி ஓட்டி வந்தவர்கள் அவர்கள். குதிரையோடு சேர்ந்த ராவுத்தர் என்ற பட்டம் இன்றும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வாழ்கிறது. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிட்டிருக்கிறார்.

குதிரை வாங்கப் போய்க் கோயில் கட்டிய அமைச்சரின் கதையை அறியாத தமிழர் குறைவு. பாண்டியன் கொடுத்த பொருளோடு கீழ்க்கடற்கரைக்குப் புறப்பட்ட திருவாதவூரர், திருப்பெருந்துறையில் எல்லாவற்றையும் ஈசன் பணிக்குச் செலவழித்துவிட்டார். நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு சிவனே குதிரை வணிகராக மதுரைக்கு வந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. பக்திக் கதையாகக் கேட்டுப் பழகிய இதில் ஒரு வியாபார நுணுக்கம் மறைந்திருக்கிறது. குதிரைகளை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றும் சடங்கு நடக்கிறது. விற்பவன் கயிறு போய் வாங்குபவன் கயிறு கழுத்தில் ஏறிய கணத்திலிருந்து குதிரைக்கு நேர்வதெல்லாம் வாங்கியவன் பொறுப்பு. மாட்டுச் சந்தைகளில் இன்றும் வாங்கியவர் தன் கயிற்றைப் போட்டுத்தான் மாட்டை ஓட்டிப் போகிறார். வஸ்ஸாப் சொன்ன உடன்பாட்டில் அந்தக் கயிறு கிஷ் தீவிலேயே மாறிவிட்டது. கப்பல் ஏறும்போதே குதிரை பாண்டியனுடையது. மதுரைக் கதையில் அது அரண்மனை வாசலில் மாறுகிறது.

அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில். மண்டபத் தூண்களில் குதிரைகள் கல்லில் நிற்கின்றன. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளின் சேணத்தையும் வார்களையும் சிற்பி எவ்வளவு நெருங்கிப் பார்த்திருந்தால் அப்படிச் செதுக்கியிருக்க முடியும் என்று நின்று யோசிக்கத் தோன்றும்.

சுங்கத்தின் பக்கம் திரும்பினால், 1500களின் தொடக்கத்தில் மலபார்க் கரையின் நிலவரம் எண்களில் கிடைக்கிறது. 1505ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணனூருக்கு வந்த இத்தாலியர் லுடோவிகோ டி வர்த்தமா, பாரசீகக் குதிரைகள் அங்கே இறங்கி, தலைக்கு 25 டுகாட் சுங்கம் கட்டி, பிறகு விஜயநகரம் நோக்கித் தரைவழி போவதாக எழுதுகிறார். தானேயில் வேறொரு முறை இருந்ததை அவருக்கு 200 ஆண்டு முன்பே மார்க்கோ போலோ கண்டிருந்தார். அவ்வூர் அரசன் கடற்கொள்ளையரோடு ஒப்பந்தம் செய்திருந்தான்: பிடிக்கும் கப்பலில் குதிரை இருந்தால் அது அரசனுக்கு, மற்றதெல்லாம் கொள்ளையருக்கு. பொன்னையும் பட்டையும் விட்டுக்கொடுத்துக் குதிரையை மட்டும் கேட்டான் என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம்.

1510இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கு கோவாவைப் பிடித்ததும் குதிரை ஒரு சரக்கு என்ற நிலையிலிருந்து அரசியல் பிடிமானமாக மாறியது. மேற்கிலிருந்து வரும் குதிரைக் கப்பல்கள் எல்லாம் கோவாவுக்கே வர வேண்டும் என்றார்கள். குதிரை ஏற்றி வந்தால் கப்பலின் மற்றச் சரக்குகளுக்குத் தீர்வைச் சலுகை உண்டு. ஆனால் குதிரைக்குத் தலைக்கு 40 பர்தாவ் அளவுக்குச் சுங்கம். கோவா அரசின் வருவாயில் பெரும்பங்கு இதிலிருந்தே வந்தது. விஜயநகரத்துக்கா, பீஜப்பூருக்கா, யாருக்குக் குதிரை போக வேண்டும் என்பதைச் சுங்கச்சாவடி தீர்மானித்தது. விஜயநகர அரசன் ஓர்முஸ் குதிரையும் நாட்டுக் குதிரையுமாக ஆண்டுக்கு 13,000 வாங்கியதாக நூனிஸ் கணக்குச் சொல்கிறார். தெலுங்கில் கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதாவில் ஓர் அறிவுரை உண்டு. யானையும் நல்ல குதிரையும் கொண்டுவரும் தூரதேசத்து வணிகர்களுக்கு ஊரும் மாளிகையும் பரிசும் கொடுத்து, நல்ல விலையும் தந்து, அவர்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அவை எதிரியிடம் போய்விடக் கூடாது. அரச கவிஞரின் வரிகளுக்குள் இருப்பது இறக்குமதிக் கொள்கை.

1547இல் போர்ச்சுகீசியருக்கும் விஜயநகரத்துக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டது: கோவாவில் இறங்கும் குதிரைகள் விஜயநகரத்துக்கு, பீஜப்பூருக்கு ஒன்றும் கிடையாது. 18 ஆண்டுகளுக்குப் பின் 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபோது கோவாவின் சுங்க வருமானமும் சேர்ந்து விழுந்தது. வாங்க ஆள் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் திசை மாறியது. 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக் குதிரைகளுக்காகப் பண்ணை அமைத்தார்கள். இன்று அது கால்நடைப் பண்ணை. உள்ளூரில் வளர்த்தது போதாமல், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. அந்தப் பெயரின் வாலைப் பிடித்து இந்தியாவில் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் வந்து விற்பனையான வேலர்கள் பல தலைமுறைகளுக்கு இந்தியப் படைகளைச் சுமந்தன.

முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 1,36,000 குதிரைகள் கடல் கடந்து போயின. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை சாண்டி. மற்றவற்றைத் திருப்பி அழைக்காததற்கு நோய்ப் பயம் ஒரு காரணம், செலவு இன்னொன்று. போரில் பிழைத்த விலங்கைச் சொந்த நாட்டுத் துறைமுகமே உள்ளே விடவில்லை என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. அதே வேளையில் அந்தப் பயம் பொய்யும் அல்ல. 1959 முதல் 1961 வரை ஆப்பிரிக்கக் குதிரை நோய் மேற்காசியா வழியாக இந்தியா வரைக்கும் பரவி 3 லட்சத்துக்கு மேற்பட்ட குதிரை இன விலங்குகளைக் கொன்றது. இன்று குதிரைக்குச் சுங்க அதிகாரிக்கு முன்னால் கால்நடை மருத்துவர் வருகிறார். இந்தியாவில் அதற்கு அடிப்படையான கால்நடை இறக்குமதிச் சட்டம் 1898ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

மருத்துவர் விட்ட பிறகு வகைப்பாடு. பிரஸ்ஸல்ஸில் உருவாகி 1988 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஒத்திசைவு முறையின் எண்களைத்தான் இந்தியாவும் பின்பற்றுகிறது. 2012 வரைக்கும் இனப்பெருக்கத்துக்கான தூய இனக் குதிரையும் கழுதையும் ஒரே உட்பிரிவில் இருந்தன. அந்த ஆண்டுத் திருத்தத்தில் கழுதைக்குத் தனி எண் கொடுத்துப் பிரித்தார்கள். இப்போது இந்திய அட்டவணையில் இனப்பெருக்கத்துக்கான தூய இனக் குதிரைக்கு 0101 21 00, போலோ குதிரைக்கு 0101 29 10, மற்றவற்றுக்கு 0101 29 90. ஊர் ஊராகப் போகும் சர்க்கஸோடு குதிரை வந்தால் அது 1ஆம் அத்தியாயத்திலேயே இல்லை. கூடாரத்தோடும் ராட்டினத்தோடும் சேர்ந்து 95ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது.

தூய இனம் எது என்பதைக் குதிரையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இறக்குமதி செய்யும் நாட்டின் உரிய அதிகாரம் அப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வம்சாவளிப் பதிவேடு வேண்டும். பந்தயக் குதிரைகளின் தாய் தந்தை யார் என்பதை இங்கிலாந்தில் 1791 முதல் அச்சிட்டு வருகிறார்கள். இந்தியாவில் புணேயிலிருந்து இந்தப் பதிவேடு நடக்கிறது. எவ்வளவு உயர்ந்த வம்சத்தில் பிறந்தாலும், காயடித்த குதிரை இனப்பெருக்கத்துக்கான எண்ணுக்குள் வர முடியாது. காயலில் ஒரே விலையாக 220 தினார் கொடுத்து வாங்கிய கூட்டத்தில் எது தூய இனம், எது கழிசல் என்று பார்க்க ஆள் இருந்திருந்தால், பாண்டியன் கருவூலத்தில் இன்னும் கொஞ்சம் பொன் மிஞ்சியிருக்கும்.

வழியில் செத்த குதிரைக்கும் ஒத்திசைவு முறையின் விளக்கக் குறிப்புகளில் விடை இருக்கிறது. பயணத்தில் இறந்த விலங்கு 1ஆம் அத்தியாயத்தை விட்டு வெளியேறுகிறது. மனிதர் உண்ணத் தகுந்த நிலையில் இருந்தால் குதிரைக்கு 0205, அதாவது இறைச்சி. இல்லையென்றால் 0511, வேறெங்கும் குறிப்பிடப்படாத விலங்குப் பொருள்கள். சாளுவ நரசிம்மனின் அவைக்கு வந்த வாலுக்கும் அங்கேதான் இடம். 5ஆம் அத்தியாயத்தின் குறிப்புகளில் ஒன்று, குதிரை முடி என்றால் குதிரை இன, மாட்டு இன விலங்குகளின் பிடரியிலும் வாலிலும் உள்ள முடி என்று சொல்கிறது. உயிருள்ள குதிரையை அட்டவணை தலை எண்ணிக் கணக்கிடுகிறது. வால் முடிக்கு அளவு கிலோ.